மேனுவலில் ஒளிந்திருக்கும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் சிட்கோ, சிப்காட் பக்கம் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும், ஆபீஸ் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே, தர நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே, எந்த வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லும் என்று சின்ன எழுத்தில் ஒன்றிரண்டு வரி இருக்கும். வருகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. அது போக, வேலை எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் கம்பெனி மேனுவலில் 'இந்த விதி எங்களுக்குப் பொருந்தாது' என்று இன்னொரு வரி இருக்கும். அதை ஆடிட்டரைத் தவிர வெளியாள் யாரும் பார்ப்பதே இல்லை. அந்த வரியைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

நான் ராயக்கோட்டைக்காரன். 1998-ல் ஓசூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். அப்புறம் இன்னும் இரண்டு இடங்களில் வேலை பார்த்து, கடைசியில் தரப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஆடிட்டரின் எதிர் நாற்காலியில் ஃபைலோடு உட்கார்ந்து கழிந்த வருஷங்கள் அவை. நான் சொல்வதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தது.

ஐ.எஸ்.ஓ. 9001 எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. போல்ட் செய்கிறவருக்கும் அதுதான், பிஸ்கட் செய்கிறவருக்கும் அதுதான். அதனால் சில விதிகள் சிலருக்குப் பொருந்தாமல் போவது இயல்பு. வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங்படி தகட்டை வெட்டித் துளை போட்டுக் கொடுக்கிறவருக்கு வடிவமைப்பு பற்றிய விதி தேவைப்படாது. பர்கூர் பக்கம் கிரானைட் பலகையைச் சொன்ன அளவுக்கு அறுத்து மெருகேற்றித் தருகிறவர்களுக்கும் அப்படித்தான். அதை விலக்கிக்கொள்ளலாம். எங்கள் ஆட்கள் இதற்கு 'எக்ஸ்க்ளூஷன்' என்பார்கள். செய்யாத வேலைக்கான விதியை விலக்குவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. தினமும் செய்கிற வேலையை, அதற்குப் பதிவு வைப்பது கஷ்டம், செலவு என்பதற்காக விலக்குகிறார்களே, அதுதான் என் ஆதங்கம். இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2006-ல் நடந்தது. லாரிக்குப் போகிற ஒரு பிராக்கெட் செய்துகொண்டிருந்தோம். 8 மி.மீ. தகட்டின் மேல் 6 மி.மீ. தகட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் மிக் (MIG) வெல்டிங், அதாவது கம்பியை உருக்கி ஒட்டுவது. அப்போது நடைமுறையில் இருந்தது 2000-ம் ஆண்டுப் பதிப்பு. அதில் 7.5.2 என்று ஒரு விதி. வேலை முடிந்த பிறகு பார்த்தோ அளந்தோ நல்லது கெட்டது கண்டுபிடிக்க முடியாத வேலை என்றால், அதைச் செய்யும் முறை சரியானதுதான் என்று முன்கூட்டியே நிரூபித்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வெல்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் இரண்டும் இதற்கு முதல் உதாரணங்கள். எங்கள் மேனுவலிலோ அந்த விதியையே விலக்கியிருந்தோம். எழுதியிருந்த காரணம்: 'எல்லாப் பீஸும் நூறு சதவீதம் கண்ணால் சோதிக்கப்படுவதால் பொருந்தாது.' கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்த வாக்கியம் அது. கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒரு நாள் காலை வாடிக்கையாளர் இடத்திலிருந்து போன் வந்தது. அசெம்பிளியில் போல்ட்டை முறுக்கும்போது பிராக்கெட் பிரிந்து கையோடு வந்துவிட்டது என்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். வெல்டிங் சீராக, ஒரே அகலத்தில், எந்தத் துளையும் இல்லாமல் இருந்தது. ஓரத்தில் எங்கள் பச்சைப் பெயின்ட் புள்ளி. நாங்கள் பார்த்து ஓ.கே. சொன்ன பீஸ்தான்.

அதே லாட்டில் இன்னொரு பீஸை எடுத்துவந்து குறுக்கே அறுத்தோம். வெட்டின முகத்தை எமரி தாளில் 120-ம் எண் சொரசொரப்பில் ஆரம்பித்து 600-ம் எண் வரை தேய்த்தோம். ஆல்கஹாலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டாலைப் பஞ்சில் தொட்டுப் பூசினேன். சில நொடிகளில் வெல்டிங் ஒரு நிறமும் தகடு ஒரு நிறமுமாகப் பிரிந்து தெரியத் தொடங்கியது. நல்ல வெல்டிங் என்றால் அது தகட்டுக்குள் வேர் விட்ட மாதிரி இறங்கியிருக்கும். இதில் இரண்டுக்கும் நடுவே முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். உருகிய கம்பி தகட்டின் மேல் படிந்திருந்ததே தவிர அதோடு கலக்கவில்லை. தரையில் சொட்டிக் காய்ந்த மெழுகை நகத்தால் பெயர்த்தால் பெயர்ந்து வருமே, அந்த மாதிரி.

சாயங்கால ஷிப்டில் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. புதிதாக வந்த வெல்டர் பகல் ஷிப்டின் செட்டிங்கை அப்படியே வைத்து ஓட்டியிருக்கிறார். கரன்ட் எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு, வயர் வேகம் எவ்வளவு என்று மெஷின் மேல் ஓர் அட்டைகூட இல்லை. ஷிப்ட் தொடக்கத்தில் ஒரு துண்டை வெட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை. எந்த வெல்டர் எந்த வேலைக்குத் தேறினவர் என்ற பதிவும் இல்லை. விதியை விலக்கிய அன்றே இது அத்தனையும் சேர்ந்து போய்விட்டது. முதலாளி அந்தப் பையனின் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். பையன் என்னைப் பார்த்து, "மேல பார்த்தா நல்லாத்தானே இருக்குது அண்ணா, உள்ளே ஒட்டலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கண்ணால் பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தது நாங்கள். மேனுவலை எடுத்துவந்து அந்த வரியை முதலாளியிடம் காட்டினேன். அவரும் படித்துவிட்டுச் சம்பளப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு 1,400 பீஸைத் திரும்ப வரவழைத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தோம்.

அதற்கு முந்தைய இரண்டு ஆடிட்டிலும் ஆடிட்டர் அந்த வரியைப் படித்திருந்தார். இரண்டு தடவையும் டிக் போட்டுவிட்டுப் போனார்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் டின் மூடும் பிரிவில் வேலை பார்க்கும் என் மச்சானிடம் இதைச் சொன்னபோது, அவருக்கு விளக்கவே தேவைப்படவில்லை. சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும்போது, 3.1 கிலோ டின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூடியின் மடிப்பு வெளியே பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே டின்னின் கொக்கியும் மூடியின் கொக்கியும் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது மடிப்பை வெட்டிப் பிரித்து அளந்தால்தான் தெரியும். அதனால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை நல்ல டின்னையே எடுத்து வெட்டுவார்கள். "வெட்டுறதுக்குச் சங்கடப்பட்டா கப்பல்ல போற டின் ஊதிக்கும் மச்சான்" என்றார். அவர்களுக்கு இது வாடிக்கையாகிவிட்ட வேலை. எங்கள் வெல்டிங் பட்டறைகளில் ஏன் இதற்கு இவ்வளவு தயக்கம் என்று அன்றைக்கு இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த விலக்கு எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1994 பதிப்பில் மூன்று எண்கள் இருந்தன. வடிவமைப்பும் செய்கிறவருக்கு 9001. வடிவமைப்பு இல்லாமல் உற்பத்தி செய்கிறவருக்கு 9002. கடைசிச் சோதனை மட்டும் என்றால் 9003. நான் சேர்ந்த புதிதில் எங்கள் கம்பெனி வாங்கியது 9002. வாங்குகிறவருக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே எங்களிடம் வடிவமைப்பு கிடையாது என்று தெரிந்துவிடும். 2000 டிசம்பரில் மூன்றையும் ஒன்றாக்கி எல்லோருக்கும் 9001 என்றார்கள். மாறிக்கொள்ள 2003 டிசம்பர் வரை அவகாசம் தந்தார்கள். அதற்குப் பிறகு எண்ணில் தெரிந்த விஷயம் மேனுவலுக்குள் ஒரு வரியாகப் போய்விட்டது. ஆனால் அந்த வரிக்கு 1.2 என்ற விதியில் கறாரான எல்லை போட்டிருந்தார்கள். பொருளைத் தயாரிப்பது பற்றிய ஏழாம் பிரிவில் உள்ளவற்றை மட்டும்தான் விலக்கலாம். அப்படி விலக்குவது, வாடிக்கையாளர் கேட்டதையும் சட்டம் கேட்பதையும் நிறைவேற்றும் திறமையையோ பொறுப்பையோ பாதிக்கக் கூடாது. எங்கள் வெல்டிங் விலக்கு இந்த இரண்டாவது நிபந்தனையில் அன்றைக்கே அடிபட்டுப் போயிருக்க வேண்டியது.

2015 பதிப்பில் 'எக்ஸ்க்ளூஷன்' என்ற பேச்சையே விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது 4.3-ல் சொல்வது இதுதான்: உங்கள் சான்றிதழ் செல்லும் எல்லைக்குள் பொருந்தக்கூடிய விதி எதுவானாலும் அதைச் செயல்படுத்தியே ஆக வேண்டும், பொருந்தாது என்றால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும், அதனால் பொருளின் தரத்தை உறுதி செய்யும் திறமையோ பொறுப்போ குறையுமானால், தரநிலைக்கு ஏற்ப இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. ஏழாம் பிரிவு மட்டும் என்ற வேலி போனதும், எதை வேண்டுமானாலும் விலக்கலாம் என்று சிலர் புரிந்துகொண்டார்கள். வேலியை எடுத்துவிட்டு, எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கிறார்கள் என்பதுதான் உண்மை. நாங்கள் சின்னக் கம்பெனி, ஆள் இல்லை, வாடிக்கையாளர் கேட்கவில்லை என்பதெல்லாம் அந்தக் காரணத்துக்குள் வராது. வாகன உதிரிபாகம் செய்கிறவர்களுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 இன்னும் கண்டிப்பானது. பொருளின் வடிவமைப்பு ஒன்றைத்தான் அதில் விலக்க முடியும். அந்தப் பொருளைச் செய்யும் முறையை வடிவமைப்பதை விலக்க முடியாது. ஓசூரில் பாதிப் பட்டறைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது.

வடிவமைப்பு என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் 8.3, அதாவது வடிவமைப்பு, பொருந்தாது என்று எழுதியிருந்தோம். பெரும்பாலும் உண்மைதான். உதிரிபாகம் எல்லாமே வாடிக்கையாளர் டிராயிங். ஆனால் வருஷத்துக்கு நான்கைந்து தடவை டிராலி ஆர்டர் வரும். "600 கிலோ தாங்கணும், நம்ம வாசல்ல நுழையணும், சீக்கிரம் வேணும்" என்று போனில் சொல்வார்கள். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே முழு அளவுக்கு வரைவார். எந்த ஆங்கிள், எத்தனை மி.மீ., சக்கரம் எங்கே என்பதெல்லாம் அவர் மனக்கணக்கு. வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள்.

சான்றிதழ் கொடுத்த பிறகு இடையில் வந்து பார்க்கும் ஒரு சர்வைலன்ஸ் ஆடிட்டில் வந்த ஓர் அம்மா ஆபீஸ் அறையில் உட்காரவே இல்லை. நேராகப் பட்டறைக்குள் நடந்து வந்தவர் தரையில் அந்தச் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்து நின்றுவிட்டார். "இதை யார் வரைஞ்சது? டிராயிங் யார் கொடுத்தாங்க?" என்று கேட்டார். ஃபோர்மேன் பெருமையாக, "எல்லாம் நம்ம ஐடியாதான் மேடம்" என்றார். அந்தப் பதிலிலேயே எங்கள் விலக்கு முடிந்தது. என்.சி., அதாவது விதிப்படி இல்லை என்ற குறிப்பு, எழுதினார். முதலாளிக்குக் கோபம். எனக்கு அன்றைக்கு மனதுக்குள் நிம்மதிதான். காரணம், அந்த டிராலியைத் தள்ளுகிறவர் மேல் 600 கிலோ சரிந்தால் யார் கணக்குப் போட்டது என்று கேட்க ஒரு காகிதம் எங்களிடம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிராலிக்கும் என்ன கேட்டார்கள், என்ன கணக்கு, யார் சரிபார்த்தார், எவ்வளவு எடை ஏற்றிச் சோதித்தோம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதினோம். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தோம் என்று ஃபோர்மேனே சொன்னார். அந்த அம்மாவைப் போன்ற ஆடிட்டர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே கொடுத்துச் செய்யும் வேலையிலும் இதே சிக்கல். பிளேட்டிங்கை, அதாவது உலோகப் பூச்சை, வெளியில் கொடுக்கிறோம், ஆகவே அது எங்கள் எல்லையில் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். வேலை வெளியே போகலாம், பொறுப்பு போகாது. 8.4 என்ற விதியே அதற்காக இருக்கிறது.

கம்பெனிகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பணக்கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆடிட்டுக்கு எத்தனை நாள் என்பது வேலை செய்கிறவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவாகிறது. 26 முதல் 45 பேர் உள்ள இடத்துக்கு முதல் சான்றிதழுக்கான ஆடிட், இரண்டு கட்டமும் சேர்த்து, அட்டவணைப்படி 4 நாள். இதில் கூட்டவும் குறைக்கவும் இடம் உண்டு. குறைப்பதற்கான காரணங்களில் ஒன்று, கம்பெனிக்கு வடிவமைப்புப் பொறுப்பு இல்லை என்பது. நாள் குறைந்தால் கட்டணம் குறையும். கட்டணம் குறைவாகக் கொட்டேஷன் கொடுக்கிற, சான்றிதழ் தரும் ஏஜென்சிக்குத்தான் வேலை கிடைக்கும். விலக்கை ஏற்றுக்கொள்வது கம்பெனிக்கும் லாபம், ஏஜென்சிக்கும் வசதி. அப்புறம் அந்த வரியைத் தோண்டிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? சான்றிதழ் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 75,000 ரூபாய் வரை சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு திருப்பிக் கொடுத்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். நல்ல திட்டம். ஆனால் பணம் வாங்க ரசீதும் சான்றிதழ் நகலும் சேர்த்து அனுப்பிய ஞாபகம் இருக்கிறதே தவிர, எதை விலக்கினீர்கள் என்று ஒருவர் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

எங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளி வாங்க வருகிற வியாபாரி பெட்டியின் மேல் வரிசையைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். கையை அடிவரைக்கும் விட்டு இரண்டு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்ப்பார். என் அப்பா பெட்டி இறக்கிய காலத்திலும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்களும், டெண்டர் போடுகிற அரசு அதிகாரிகளும் சான்றிதழில் அந்த அளவுக்காவது கையை விட வேண்டும். சான்றிதழ் நகலோடு, எல்லை என்ன, எவை பொருந்தாது, ஏன் பொருந்தாது என்ற அந்த ஒரு பக்கத்தையும் கேளுங்கள். 4.3-ன்படி அது எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். கையில் இருக்கிற பக்கத்தைக் காட்ட எந்தக் கம்பெனிக்கும் சிரமம் இருக்காது. டெண்டர் படிவத்தில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும். கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே 'கண்ணால் பார்க்கிறோம், அதனால் பொருந்தாது' என்று எழுதுகிற பேனா கொஞ்சம் நிற்கும்.

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு பையன், இப்போது சூளகிரி பக்கம் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கிறான், போனில் கூப்பிட்டான். 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில் பருவநிலை மாற்றம் உங்களுக்குச் சம்பந்தப்பட்டதா என்று முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார்களே, 'பொருந்தாது' என்று போட்டுவிடலாமா சார் என்று கேட்டான். சம்பந்தம் இல்லை என்று முடிவு செய்ய உனக்கு உரிமை உண்டு தம்பி, ஆனால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டுச் சொல், மார்ச் மாதத்தில் உங்கள் போர்வெல் தண்ணீர் எத்தனை அடிக்குப் போகிறது என்று முதலில் கேட்டுப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். வாரத்துக்கு மூன்று லோடு தண்ணீர் லாரி வருகிறது சார் என்றான். அப்படியானால் அதை எழுது என்றேன்.

இந்த மாதிரிப் பையன்களுக்குத் தமிழில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. விதிப் புத்தகம் ஆங்கிலத்தில், கன்சல்டன்ட் தருகிற மேனுவல் ஆங்கிலத்தில், அதிலும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வாக்கியங்கள். அந்த மேனுவல் எந்த வேலையைக் கட்டுப்படுத்துகிறதோ அந்த வேலையைச் செய்கிற வெல்டருக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத் தொழில் மையங்கள் இதற்கென்று வருஷத்துக்கு இரண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓசூரிலும் தருமபுரியிலும் தமிழில் ஒரு பயிற்சி நடத்தலாம். ஷிப்ட் ஆட்கள் வரக்கூடிய நேரம் அதுதான். 4.3 என்ற ஒரே விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வருகிறவர்கள் தங்கள் மேனுவலைக் கொண்டுவந்து, விலக்கிய வரிகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துப் பேசினால் போதும்.

அந்த 2006 பிராக்கெட்டின் வெட்டுத்துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், கறுப்புக் கோடு இப்போதும் தெரிகிறது. பயிற்சிக்குக் கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு ராயக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். பஸ் காசுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தரப் பொறுப்பாளர் ஒருவர்,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.